ஆற்றங்கரையில் இன்னோர் ஆறு: கொடுமுடியும் இருப்புப் பாதையும்

கொடுமுடி என்னும் ஊரைத் தமிழுலகம் இரு வழிகளில் அறியும். ஒன்று தேவாரம். மூவராலும் பாடப்பெற்ற திருப்பாண்டிக்கொடுமுடி, சுந்தரர் நமச்சிவாயத் திருப்பதிகம் பாடிய தலமாகும். மற்றொன்று ஒரு பெயரின் தலைப்பெழுத்து. கே.பி. சுந்தராம்பாள் என்னும் பெயரில் முதலில் நிற்கும் ‘கே’ கொடுமுடியைக் குறிக்கும். அடுத்து நிற்கும் ‘பி’ அவரை ஈன்ற பாலாம்பாளைக் குறிக்கும். பிறந்த மண்ணையும் பெற்ற தாயையும் தம் பெயருக்கு முன்னே நிறுத்தி, அவ்விரண்டையும் தமிழகம் முழுதும் அறியச் செய்த பெருமை அந்தக் குரலுக்கு உண்டு.

முதற்பெருமை ஆற்றங்கரையில் கிடைத்தது. இரண்டாம் பெருமையோ இருப்புப் பாதையின் வழியே கிடைத்தது. இவ்வுண்மையை நம் இலக்கிய வரலாறுகள் போதிய அளவு எண்ணிப் பார்த்ததில்லை. இரயில்வே வரலாறு எழுதியோர் மைல் கணக்கையும் முதலீட்டுக் கணக்கையும் எழுதினர். நாடக வரலாறு எழுதியோர் மேடையேறிய பின் நிகழ்ந்தவற்றை எழுதினர். மேடைக்கும் ஊருக்கும் இடையே ஓடிய மூன்றாம் வகுப்புப் பெட்டி இருவர் கண்ணிலும் படாமலே போயிற்று.

தமிழில் ‘ஆறு’ என்னும் சொல் நதியையும் குறிக்கும், வழியையும் குறிக்கும். கொடுமுடியில் இவ்விரு பொருளும் அருகருகே கிடக்கின்றன. ஒருபுறம் காவிரி, மறுபுறம் இருப்புப் பாதை. இரண்டாவதாக வந்த அந்த ஆறு ஒரு சிற்றூருக்கு என்ன செய்தது, யாரை ஏற்றிச் சென்றது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பழைய பெருவழி

வடக்கிலிருந்து தெற்கு நோக்கி இறங்கி வரும் காவிரி, கொடுமுடியை அடைந்து கிழக்கு நோக்கித் திரும்புகின்றது. ஆதிசேடனுக்கும் வாயுவுக்கும் நடந்த போரில் மேருவின் துண்டுகள் சிதறின என்றும், அவற்றுள் வயிரமாய் வீழ்ந்ததே இம்முடி என்றும் தலபுராணம் கூறும். அயன், அரி, அரன் மூவரும் ஒரே வளாகத்தில் எழுந்தருளியிருப்பதும், பழமையான வன்னி மரமும் இவ்வூரின் சிறப்புகள். 13ஆம் நூற்றாண்டில் வெட்டப்பெற்ற காலிங்கராயன் கால்வாய், பவானிக்கு அருகே புறப்பட்டு நெடுந்தொலைவு வளைந்து வந்து இவ்வூருக்கு அண்மையில் தன் பயணத்தை முடிக்கின்றது. ஆற்று நீரும் கால்வாய் நீரும் சேர்ந்து மஞ்சளும் கரும்பும் நெல்லும் வாழையும் விளையும் மண்ணாக இதனை ஆக்கின.

இவ்வூரைச் சுற்றியுள்ள நிலப்பரப்பு பண்டைக் காலத்திலேயே வழிப்போக்கர்கள் நடந்து தேய்த்த நிலம். கொடுமுடிக்குத் தெற்கே நொய்யல் காவிரியில் கலக்கின்றது. நொய்யற்கரையில் உள்ள கொடுமணல், மணிகள் செய்த தொழிற்கூடங்களும் தமிழ் எழுத்துப் பொறித்த பானை ஓடுகளும் அகழ்ந்தெடுக்கப்பட்ட இடம். அதற்குக் கிழக்கே புகழூர் ஆறுநாட்டார் மலையில் சேர அரசர் மூன்று தலைமுறையினரைக் குறிப்பிடும் தமிழிக் கல்வெட்டுகள் உள்ளன. அதற்கும் கிழக்கே கரூர். சேரர் தலைநகராகிய வஞ்சி இதுவே என அறிஞர் பலர் கொள்வர். உரோமானியக் காசுகள் மிகுதியாகக் கிடைத்த ஊரும் இதுவே. மேலைக் கடற்கரைத் துறைகளிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாக நுழைந்து, நொய்யலைத் தொடர்ந்து, கரூரைத் தொட்டு, காவிரிக் கரையோடு கீழைக் கடலை நோக்கிச் சென்ற பழைய பெருவழியின் நடுப்பகுதி இது.

இதனை இங்கே நினைவூட்டுவதற்குக் காரணம் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயப் பொறியாளர்கள் நாகப்பட்டினத்திலிருந்து திருச்சிராப்பள்ளி, கரூர், ஈரோடு வழியாக இருப்புப் பாதை இட்டு, அதனை மேலைக் கடற்கரைக்குச் செல்லும் பாதையோடு இணைத்தபோது, புதிதாக ஒரு திசையைக் கண்டுபிடித்துவிடவில்லை. பாணரும் வணிகரும் நடந்த திசையிலேயே அவர்கள் இரும்பைக் கிடத்தினார்கள். ஆறு காட்டிய வழியிலேயே அந்த இரும்பும் சென்றது.

இரும்பு வந்த வரலாறு

தென்னிந்தியாவின் முதற் பயணியர் பாதை 1856 சூலை முதல் நாள் இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலை வரை திறக்கப்பட்டது. சென்னை இரயில்வே கம்பெனி அதனை மேற்கு நோக்கி நீட்டிச் சென்று, 1862இல் மலபார்க் கரையிலுள்ள பேப்பூர்ப் பாதையோடு இணைத்தது. அப்பாதையில் ஈரோடு ஒரு முக்கிய நிலையமாயிற்று. அதே காலத்தில், தென்னிந்தியப் பெரும் இரயில்வே எனப் பெயரிய வேறொரு கம்பெனி நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்டு தன் பணியைத் தொடங்கிற்று. 1861இல் தஞ்சாவூருக்கும் 1862இல் திருச்சிராப்பள்ளிக்கும் அதன் வண்டிகள் ஓடின. அங்கிருந்து காவிரியின் தென்கரையை ஒட்டியே மேற்கு நோக்கிப் பாதை நீண்டது. 1866இல் கரூரையும் 1868இல் ஈரோட்டையும் அது எட்டிற்று. ஏறத்தாழ 140 கிலோமீட்டர் நீளமுள்ள திருச்சி–ஈரோடு பாதையில் கொடுமுடி ஒரு நிலையமாக அமைந்தது இவ்வாறுதான்.

இப்பாதையை இட்ட கம்பெனிகள் அறச்சிந்தையால் இட்டன அல்ல. முதலிட்ட பணத்துக்கு இவ்வளவு வட்டி என்று அரசு உறுதி கூறியிருந்தது. ஆதாயம் குறைந்தால் இந்திய வருவாயிலிருந்து அது ஈடு செய்யப்படும். எனவே நட்டம் வந்தாலும் இலண்டனில் இருந்த பங்குதாரர் கலங்க வேண்டியதில்லை. கொங்கு நாட்டு உழவன் செலுத்திய வரி அவர்களுக்குத் துணை நிற்கும். அமெரிக்க உள்நாட்டுப் போரால் 1861 முதல் 1865 வரை அந்நாட்டுப் பருத்தி இங்கிலாந்துக்குச் செல்வது தடைப்பட்டு, இந்தியப் பருத்திக்குக் கிராக்கி பெருகியிருந்த காலம் அது. பருத்தி விளையும் உள்நாட்டைத் துறைமுகத்தோடு கட்டிவைக்க வேண்டிய தேவை ஆட்சியாளருக்கு இருந்தது. ஆற்றங்கரைச் சிற்றூர்கள் அந்தத் தேவையின் ஓரத்தில் நின்றன.

முதலில் இட்ட பாதை அகலப்பாதை. பின்னர்ச் செலவைக் குறைக்கும் நோக்கில் மீட்டர் பாதை என்னும் கொள்கை வந்தது. 1874இல் தென்னிந்தியப் பெரும் இரயில்வேயும் கர்நாடக இரயில்வேயும் இணைந்து தென்னிந்திய இரயில்வே என்னும் புதுக்கம்பெனி ஆயின. 1875 தொடங்கி 1879 வரை நாகப்பட்டினம்–திருச்சி–ஈரோடு பாதை முழுவதும் பெயர்த்தெடுக்கப்பட்டு மீட்டர் பாதையாக மாற்றப்பட்டது. சென்னைப் பெருவழியோ அகலப்பாதையாகவே நின்றது. விளைவு என்ன? கொடுமுடியில் ஏற்றிய மூட்டை கோயம்புத்தூர் செல்ல வேண்டுமாயின் ஈரோட்டில் இறக்கி மறுவண்டியில் ஏற்றப்பட வேண்டும். பயணியும் அவ்வாறே இறங்கி ஏற வேண்டும். இந்த நிலை அரை நூற்றாண்டு நீடித்தது. 1920களின் இறுதியில் திருச்சி–ஈரோடு பகுதி மீண்டும் அகலப்பாதையாக்கப்பட்டது. இரும்பை இட்டு, எடுத்து, மீண்டும் இட்ட கதை இது.

பாதை குறுகிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில்தான் தாது வருடப் பஞ்சம் தமிழகத்தை வாட்டிற்று. 1876 முதல் 1878 வரை நீடித்த அப்பஞ்சத்தில் சேலம், கோயம்புத்தூர் மாவட்டங்கள் கொடுந்துயர் உற்றன. துறைமுகங்களில் இறங்கிய அரிசியை உள்நாட்டுக்குக் கொண்டு சேர்த்தவை இரயில் வண்டிகள் என்பது மெய். விலை ஏறிய இடம் நோக்கித் தானியத்தை விரைந்து இழுத்துச் சென்றவையும் அவ்வண்டிகளே என்பதும் மெய். உணவு கண்ணெதிரே கடந்து செல்லவும், வாங்கப் பணமின்றி மாந்தர் மடிந்தனர். இப்பஞ்சத்தின் நினைவை அரசு அறிக்கைகளை விட ஆழமாகப் பதிந்து வைத்தவை கொங்கு நாட்டில் பாடப்பட்ட கும்மிப் பாடல்களே ஆகும். ஏட்டில் எழுதப்படாத வரலாறு பாட்டில் எழுதப்படும் என்பதற்கு அவை சான்று.

ஊர் கண்ட மாற்றம்

ஈரோட்டிலிருந்து புறப்படும் வண்டி சாவடிப்பாளையம், பாசூர், ஊஞ்சலூர் எனக் கடந்து கொடுமுடிக்கு வரும். பின் நொய்யலையும் புகழூரையும் கடந்து கரூரை அடையும். அதன்பின் மாயனூர், லாலாப்பேட்டை, குளித்தலை, பெட்டவாய்த்தலை எனக் காவிரியை விட்டு விலகாமலே திருச்சிக்குச் செல்லும். இந்த நிலையப் பெயர்களை வரிசையாகச் சொல்லிப் பார்த்தாலே ஒரு வழிநடைச் சிந்தின் நடை அதில் கேட்கும். தலத்திலிருந்து தலத்துக்கு நடந்து செல்வோர் வழியிலுள்ள ஊர்களையும் சோலைகளையும் பாடிச் சென்ற சிந்து வடிவம், புகைவண்டி வந்தபின் இரயில் சிந்தாக உருமாறி மலிவுப் பதிப்புகளாகச் சந்தைகளில் விற்கப்பட்டதை நாட்டுப்புறவியலார் அறிவர். கண்டுபிடிப்பு அயலது, அதனைப் பாட்டாக்கிய மரபோ நம்முடையது.

ஊரார்க்கு முதலில் மாறியது காலம். நாழிகைக் கணக்கில் வாழ்ந்த ஊருக்கு மணிக்கணக்கு வந்தது. கோயில் மணிக்கு அடுத்தபடியாக ஊர் செவிகொடுத்த ஓசை நிலையத்து மணி. காவிரியும்கூடப் பின்னாளில் கால அட்டவணைக்குள் வந்தது என்பதை இங்கே எண்ணிப் பார்க்கலாம். 1934இல் மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்டபின், ஆற்றில் நீர் வரும் நாளையும் மனிதரே குறித்தனர். கொடுமுடியின் இரு ஆறுகளும் இவ்வாறு ஒரே நூற்றாண்டுக்குள் கடிகாரத்துக்குக் கட்டுப்பட்டன.

அடுத்து மாறியது வழிபாடு. அமாவாசைக்கும் ஆடிப்பெருக்குக்கும் நீராட வருவோர், முன்னோர்க்கு நீர்க்கடன் செய்ய வருவோர், நாகதோடம் கழிக்க வருவோர் எனப் பலரும் வண்டியில் வந்திறங்கினர். எனினும் நடை முற்றும் மறைந்துவிடவில்லை. பங்குனி உத்திரத்தையொட்டிக் கொடுமுடித் தீர்த்தத்தைக் காவடியாகச் சுமந்து பழனிக்குச் செல்லும் கொங்கு மக்கள் இன்றும் நடந்தே செல்கின்றனர். விரைவு வேண்டிய இடத்தில் வண்டியையும், வேண்டுதல் உள்ள இடத்தில் காலையும் நம்பிய மக்கள் அவர்கள்.

எதிர்க்கரையின் கதை வேறு. ஆற்றுக்கு அப்பால் உள்ளவர்க்கு இவ்வண்டியின் கூவல் கேட்கும், வண்டி கிட்டாது. பரிசில் ஏறி ஆற்றைக் கடந்தால்தான் இரயில். ஆற்றில் வெள்ளம் வந்தால் வண்டியும் இல்லை. எதிர்க்கரை மாவட்டத்தின் தலைநகராகிய நாமக்கல்லுக்கு 2013இல்தான் கரூர்–சேலம் பாதை வழியாகப் பயணியர் வண்டி வந்தது. ஈரோட்டைப் பாதை எட்டிய 1868ஆம் ஆண்டிலிருந்து கணக்கிட்டால் 145 ஆண்டுகள். ஒரு கரைக்கு வரமாக வந்தது மறுகரைக்கு ஒன்றரை நூற்றாண்டுக் காத்திருப்பாக இருந்தது.

மூன்றாம் வகுப்புப் பெட்டி செய்த இன்னொரு வேலையையும் சொல்ல வேண்டும். தெருவில் ஒதுங்கி நடக்க வேண்டும் என விதிக்கப்பட்டிருந்தோரும், விதித்தோரும் ஒரே பலகையில் அமர நேர்ந்தது. இதனால் சாதி ஒழிந்துவிடவில்லை. நிலையங்களின் உணவு விடுதிகளில் பிராமணருக்கும் பிறருக்கும் தனித்தனி இடம் வைத்திருந்தார்கள். பெரியாரின் தொடர்ந்த எதிர்ப்பின் பயனாக 1941இல்தான் அவ்வேற்றுமை நீங்கிற்று. பெட்டிக்குள் இல்லாத சுவர் நடைமேடையில் இருந்தது. ஆயினும் பெட்டியில் அமர்ந்தவர் எவராயினும் ஒரே பாட்டைக் கேட்டனர் என்பது சிறு செய்தி அன்று. இங்கிருந்துதான் நம் கதையின் உயிர்ப்பகுதி தொடங்குகின்றது.

பெட்டியில் எழுந்த பாட்டு

1908இல் கொடுமுடியில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர் சுந்தராம்பாள். இளமையில் வறுமை அவரை இரயில் பெட்டிக்குள் அனுப்பியது. பயணியர் முன் பாடி அவர்கள் தரும் காசைப் பெற்று வந்த சிறுமி அவர். நாடகத்துக்கு அவர் வந்த வகையை இரு விதமாகக் கூறுவர். தென்னிந்திய இரயில்வேயில் அதிகாரியாக இருந்தவரும் நாடகக் கலைஞருமான எஃப்.ஜி. நடேச ஐயர், வண்டியில் அவர் பாடுவதைக் கேட்டு வியந்து நாடக ஆசிரியர் வேலு நாயரிடம் சேர்ப்பித்தார் என்பது ஒன்று. கரூரில் பணியாற்றிய காவல்துறை அதிகாரி ஒருவர் அச்சிறுமியின் குரல் வளத்தை உணர்ந்து வேலு நாயருக்குப் பரிந்துரைத்தார் என்பது மற்றொன்று. எதனைக் கொண்டாலும் கொடுமுடிக்கு வெளியே ஒரு காது அக்குரலைக் கேட்டது என்பதும், ஊரையும் அந்தக் காதையும் இணைத்தது இந்த இருப்புப் பாதை என்பதும் மாறா.

நடேச ஐயர் தனித்து ஆராயத்தக்க மனிதர். பகலில் இரயில்வே அலுவல், மாலையில் கலை. 1914இல் திருச்சியில் இரசிக இரஞ்சன சபாவை நிறுவியவர். சிறுவனாயிருந்த எம்.கே. தியாகராஜ பாகவதரை அரிச்சந்திரன் நாடகத்தில் லோகிதாசனாக மேடையேற்றியவரும் இவரே. 1938இல் வெளிவந்த சேவாசதனம் திரைப்படத்தில் எம்.எஸ். சுப்புலட்சுமியோடு நடித்தவர். தென்னிந்திய இரயில்வேயின் தலைமையிடம் நாகப்பட்டினத்திலிருந்து திருச்சிக்கு வந்தபின் அந்நகரம் இரயில்வே நகரமாக வளர்ந்தது. அவ்வளர்ச்சியின் ஒரு கிளை நாடகக் கலையிலும் தழைத்தது என்பதற்கு இவர் வாழ்வு சான்று.

அந்நாளைய நாடகத் தொழிலே இரயிலை நம்பியிருந்தது என்று கூறலாம். சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகங்கள் எங்கும் புகழ்பெற்றிருந்த காலம். ‘ஸ்பெஷல் நாடகம்’ என வழங்கிய முறையில், ஒரே குழுவைச் சேராத நடிகர்கள் தனித்தனியே அமர்த்தப்படுவர். வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்து ஓரிரவு மட்டும் ஒன்றுகூடி நடித்துவிட்டு விடியற்காலை பிரிந்து செல்வர். இன்ன நாள் இன்ன ஊர் என்று வாக்களிக்கவும் வாக்கைக் காக்கவும் வண்டி வேண்டும். பாடம் ஒன்றாக இருந்ததால் ஒத்திகை இல்லாமல் நடிக்க முடிந்தது. பாதை ஒன்றாக இருந்ததால் ஒன்றுகூட முடிந்தது.

1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டபின், தனுஷ்கோடி வரை வண்டியிலும், தலைமன்னார் வரை கப்பலிலும், அப்பால் மீண்டும் வண்டியிலும் கொழும்பு செல்ல முடிந்தது. தமிழ் நாடக நடிகர்கள் இலங்கைக்குச் சென்று வந்த வழி அது. 1926இல் சுந்தராம்பாளும் செங்கோட்டை கிட்டப்பாவும் ஒரே மேடையில் பாடி நடித்ததும் கொழும்பில்தான். மறு ஆண்டு இருவரும் மணம் புரிந்தனர். கொடுமுடியும் செங்கோட்டையும் தமிழகத்தின் இரு கோடிகள். இரண்டும் இரயில் நிலையம் கொண்ட ஊர்கள். அவ்விரண்டையும் கடல் கடந்த ஓர் ஊர் சேர்த்து வைத்தது.

சேர்ந்த வாழ்வு நெடிது நிலைக்கவில்லை. பிரிவு வந்தது. சுந்தராம்பாள் கிட்டப்பாவுக்கு எழுதிய கடிதங்கள் பின்னாளில் அச்சேறிப் படித்தோரை உருக்கியிருக்கின்றன. ஊர்விட்டு ஊர் செல்லும் கடிதங்களை இரயில் தபால் பெட்டி சுமந்த காலம் அது. குரலைச் சுமந்த வண்டி துயரையும் சுமந்திருக்கும். 1933 திசம்பரில் கிட்டப்பா மறைந்தார். இருபத்தைந்து வயதில் சுந்தராம்பாள் வெண்ணிற ஆடை புனைந்து துறவிபோல் வாழத் தொடங்கினார். பின்னர் 1935இல் வெளிவந்த நந்தனார் படத்தில் நந்தனாராக நடிக்க அவர் பெற்ற ஊதியம் ஓர் இலட்சம் ரூபாய். அந்நாளில் அது கேட்டோரை வியக்க வைத்த தொகை. 1951இல் அவர் சட்ட மேலவை உறுப்பினரானார். 1953இல் ஔவையாராகத் திரையில் தோன்றினார். 1970இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 1980இல் மறைந்தார். காசுக்குப் பாடிய பெட்டியிலிருந்து மேலவை வரை நீண்ட அந்தப் பயணம் கொடுமுடி நிலையத்தில் தொடங்கியது.

ஓர் இரும்பு ஆற்றுப்படை

இவ்வரலாற்றைத் தமிழ் மரபில் எங்கே வைத்துப் பார்ப்பது? பத்துப்பாட்டில் பாதி ஆற்றுப்படை என்பதை நாம் அறிவோம். பரிசில் பெற்று வருபவன், வறுமையோடு எதிர்ப்படும் கலைஞனைக் கண்டு, இன்ன வழியே செல்க, இன்னாரைக் காண்க என்று ஆறு கூறி அனுப்புவது அதன் பொருள். கூத்தர், பாணர், பொருநர் மட்டுமின்றி, ஆடியும் பாடியும் வாழ்ந்த விறலியையும் ஆற்றுப்படுத்தும் துறை புறநானூற்றில் உண்டு. வறுமையும் கலையும் ஓருடலில் குடியிருக்கும் நிலையே அத்துறையின் தோற்றுவாய். யாழ் சுமந்த கையில் சோற்றுக்கு வழியில்லை. வழி சொல்ல ஒருவர் எதிர்ப்பட வேண்டும்.

கொடுமுடிச் சிறுமியின் கதையை இதனோடு ஒப்பிட்டால் உறுப்புகள் யாவும் பொருந்துகின்றன. பாடும் ஏழைச் சிறுமி விறலி. வழியில் எதிர்ப்பட்டுக் கேட்ட அதிகாரி ஆற்றுப்படுத்துவோன். வேலு நாயரின் நாடகக் குழு புரவலன் இல்லம். பழைய பாணர் நடந்த அதே காவிரிக்கரைப் பெருவழி மீண்டும் வழியாகின்றது. ஒன்று மட்டும் வேறு. சங்ககாலத்தில் ஆற்றுப்படுத்தியவன் தானும் ஒரு கலைஞன். வறுமையின் கொடுமையைத் தன் வயிற்றால் அறிந்தவன். இங்கோ ஆற்றுப்படுத்தியவர் அதிகாரி. ஒரு கலைஞன் இன்னொரு கலைஞனுக்குச் சொல்லும் உரிமைச் சொல், ஓர் அதிகாரியின் இரக்கச் சொல்லாக மாறியிருக்கின்றது. பாணனுக்கு வழி உரிமையாக இருந்தது. சிறுமிக்கு அது நல்வாய்ப்பாக மட்டுமே இருந்தது.

இவ்வேறுபாட்டில்தான் இக்கட்டுரையின் கவலை தங்கியிருக்கின்றது. அப்பெட்டியில் பாடிய ஒரே பிள்ளை சுந்தராம்பாள் அல்லர். அவருக்கு முன்னும் பின்னும் எத்தனையோ பேர் அந்தப் பாதையில் பாடியிருப்பர். அவர்களுக்கு அதிகாரி எதிர்ப்படவில்லை. ஆதலின் அவர்களுக்கு வரலாறும் இல்லை. ஒரு பெயரைப் போற்றி மகிழும்போது, பெயரின்றிக் கரைந்த குரல்களை மறப்பது எளிது. ஔவை வேடம் தாங்கியவரைக் கொண்டாடுவோர், ஔவையின் காலில் ஒட்டியிருந்த வழிப்புழுதியையும் எண்ண வேண்டாவா?

இன்று

1944இல் தென்னிந்திய இரயில்வே அரசின் நேரடி நிருவாகத்துக்கு வந்தது. 1951 ஏப்ரல் 14ஆம் நாள் தென்னக இரயில்வேயின் உறுப்பாயிற்று. 2007இல் சேலம் கோட்டம் உருவானபோது கொடுமுடி அதனுள் சேர்ந்தது. இன்று பாதை மின்மயமாகிவிட்டது. புகையற்ற வண்டியைப் புகைவண்டி என்று அழைக்கும் பழைய நாக்குகள் மட்டும் எஞ்சியுள்ளன. கரூர் 1988இல் திண்டுக்கல்லோடும் 2013இல் சேலத்தோடும் இணைந்து பெருஞ்சந்திப்பாகிவிட்டது. வண்டிகளும் கூடியுள்ளன, வேகமும் கூடியுள்ளது.

ஆனால் ஒரு சிற்றூருக்கு இரயில் என்பது கடந்து செல்லும் வண்டி அன்று. நிற்கும் வண்டியே இரயில். 2020 மார்ச்சில் கொரோனா பெருந்தொற்றால் பயணியர் வண்டிகள் நிறுத்தப்பட்டன. அவை திரும்பியபோது நாடெங்கும் பல வண்டிகள் விரைவு வண்டி என்னும் பெயரோடு திரும்பின. 10 ரூபாயாக இருந்த குறைந்த கட்டணம் 30 ரூபாயாயிற்று. 2024 பிப்ரவரியில்தான் பழைய கட்டணம் மீண்டது. இடைப்பட்ட காலத்தில் கூலி வேலைக்கும் கல்லூரிக்கும் சென்று வந்த எளியோர் சுமந்த சுமையை எந்த மலரும் எழுதி வைக்கவில்லை.

இன்னொன்றையும் நெஞ்சில் நிறுத்த வேண்டும். 1989ஆம் ஆண்டு இரயில்வே சட்டத்தின் 144ஆம் பிரிவு வண்டியிலும் நிலையத்திலும் இரந்து பொருள் பெறுவதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியிருந்தது. பயணியர் நலம் கருதி எழுந்த சட்டம் அது; அதன் தேவையை மறுப்பதற்கில்லை. ஆயினும், கையேந்துவதற்கும் கலை காட்டிக் காசு பெறுவதற்கும் இடையே தமிழ் மரபு ஒரு கோடு கிழித்திருந்தது. இரத்தல் வேறு, பரிசில் வேறு. அக்கோட்டைச் சட்டம் காண்பதில்லை. கண்பார்வையற்ற ஒருவர் பெட்டியில் நின்று பாடும்போது நம்முள் பலரும் காண்பதில்லை. நூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு கொடுமுடிச் சிறுமியை இக்கண்கொண்டு மட்டுமே பார்த்திருந்தால், தமிழிசை இழந்திருப்பது எவ்வளவு!

பத்தாண்டு நிறைவு காணும் நம் இலக்கிய வட்டத்துக்கு இதன் தொடர்பாக ஒரு கடமை உண்டு எனக் கருதுகின்றேன். கவிஞர் பெருமக்கள் ஆண்டுதோறும் காவிரியைப் பாடுகின்றனர், பாடட்டும். அதனோடு, காவிரிக்கரையில் ஓடும் மற்றோர் ஆற்றின் பாட்டையும் கேட்க வேண்டும். ஈரோட்டுக்கும் திருச்சிக்கும் இடைப்பட்ட ஊர்களில் முதியோர் நினைவில் எஞ்சியுள்ள இரயில் பாட்டு, விடுகதை, சிந்து, நாடகக்காரர் வந்திறங்கிய இரவுகள் பற்றிய செய்தி ஆகியவற்றைப் பதிவு செய்ய வேண்டும். அவற்றோடு, இன்றும் பெட்டிகளில் பாடிச் செல்வோரின் பெயரைக் கேட்டு, அவர் பாடும் பாட்டோடு எழுதி வைக்க வேண்டும். பெயரைக் கேட்பதற்குச் செலவில்லை. சுந்தராம்பாளுக்கும் முதலில் கிடைத்தது அதுதான்: ஒருவர் நின்று, கேட்டு, நீ யார் என வினவியது.

ஆற்றுப்படை எழுதிய மரபினர் நாம். வழி சொல்லும் கடமை அதிகாரிகளுடையது மட்டும் அன்று. அது பாடுவோர் பாடுவோர்க்குச் செய்ய வேண்டிய கடமை.